நார்பென் என்றால் தழும்பு அல்ல

(வேலூரில் ஒரு கல்லூரியின் மொழித்துறை விழாவில் பேசியது. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வணக்கம். வேலூர் வெயிலில் பிழைக்கத் தெரிந்தவர்கள் நீங்கள்தான்.

அழைப்பிதழில் ‘வெளிநாட்டு மொழி படித்தோருக்கு ஒளிமயமான வேலைவாய்ப்புகள்’ என்று போட்டிருக்கிறார்கள். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசுகிறேன். ஒளிமயத்துக்கு நான் பொறுப்பில்லை.

காட்பாடி ஸ்டேஷனில் விடியற்காலை கல்கத்தா பக்கத்து ரயில் ஏதாவது வந்து நின்றதும் வெளியே போய்ப் பாருங்கள். தலையில் துண்டு கட்டிய நம்ம ஊர் ஆட்டோக்காரர், கையில் எக்ஸ்ரே கவரோடு இறங்கும் குடும்பத்தைப் பார்த்து, “கொதாய் ஜாபேன்?” என்று கேட்பார். எங்கே போகணும் என்று அர்த்தம். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிர்ப் பக்கத்து லாட்ஜில் சாவி எடுத்துக் கொடுக்கும் பையனும் பெங்காலி பேசுவான், மருந்துக் கடைக்காரரும் பேசுவார். வங்காளத்திலிருந்து மட்டுமல்ல, எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்தும் ஆட்கள் வருவதால், கணக்குப்படி அதுவும் வெளிநாட்டு மொழிதான்! ஆனால் அந்த ஆட்டோக்காரர் பி.ஏ. பெங்காலி படித்தவர் இல்லை. அவருக்குத் தொழில் முன்னே வந்தது, மொழி பின்னே வந்தது. உங்களுக்கு மொழி முன்னே வந்துவிட்டது. தொழிலை இனிமேல்தான் தேட வேண்டும். இந்தத் தலைகீழ் நிலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

என் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தொண்ணூறுகளின் கடைசி. சென்னையில் ஜெர்மன் படித்து, சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தேன். ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில், தோல் பதனிடும் டேனரியைத்தான் நம்ம பக்கம் அப்படிச் சொல்வோம், கடிதப் போக்குவரத்து பார்க்கும் வேலை. ஜெர்மன் கடிதத்தைப் படித்துச் சொல்ல ஆள் கிடைத்துவிட்டான் என்று முதலாளிக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அதைவிட.

மூன்றாவது வாரம் ஒரு ஃபேக்ஸ் வந்தது. ஷூ அப்பருக்கு அனுப்பிய தோலில் குறை இருக்கிறதாம். அதில் ‘லோஸ்நார்பிக்’ என்று ஒரு சொல். என்னிடம் இருந்த அகராதியில் அது இல்லை. பரவாயில்லை என்று பிரித்துப் பார்த்தேன். ‘லோஸ்’ என்றால் தளர்ந்தது. ‘நார்பெ’ என்றால் தழும்பு. பன்மையில் ‘நார்பென்’. ஆகவே, ‘தோலில் தழும்புகள் தளர்வாக உள்ளன’ என்று அழகாக டைப் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

தழும்பு எப்படி ஐயா தளரும்? அதை நான் யோசிக்கவில்லை. முதலாளியும் யோசிக்கவில்லை. கோடவுனில் மிச்சமிருந்த அதே லாட்டை இரண்டு நாள் பிரித்துப் போட்டு, முள் கிழித்த தடம், உண்ணி கடித்த தடம் என்று ஒவ்வொரு தோலாகத் தேடினோம். தழும்பே இல்லை, நல்ல சரக்கு. “வெள்ளைக்காரன் பணம் குறைக்கப் பொய் சொல்றான்” என்று முடிவுகட்டி, காரமாக ஒரு பதிலும் என்னை எழுதச் சொன்னார்கள்.

நல்ல வேளை, ஃபினிஷிங் பகுதியில் வயதான மேஸ்திரி ஒருவர் இருந்தார். “தம்பி, அந்தக் காகிதத்துல எந்த இடத்துல குறைன்னு சொல்றான்?” என்றார். பக்கவாட்டில் என்று எழுதியிருக்கிறான் என்றேன். ஒரு தோலை எடுத்தார். வயிற்றோரப் பகுதியைப் பிடித்து, மேல்பக்கம் உள்ளே வருகிற மாதிரி மடித்தார். மடித்த இடத்தில் மெல்லிய சுருக்கம் விழுவதற்குப் பதிலாக, பெரிது பெரிதாகத் தளர்ந்த மடிப்பு விழுந்தது. முதுகுப் பகுதியை மடித்தார். அங்கே மயிரிழை மாதிரிதான் சுருக்கம். “இதைத்தான்பா சொல்றான். லூஸ் கிரெய்ன். ரீடேனிங்ல வயித்துப் பக்கம் சரியா நிரம்பல. இது தெரியாம ரெண்டு நாளா இன்னாத்தைத் தேடினீங்க?” என்றார்.

ஜெர்மன் மொழியில் தழும்புகளுக்கும் நார்பென், தோலின் மேல்பக்கத்துக்கும், அதாவது மேஸ்திரி சொன்ன கிரெய்னுக்கும், நார்பென். எழுத்து ஒன்று, பொருள் வேறு. எனக்கு ஜெர்மன் தெரியும், தோல் தெரியாது. அவருக்குத் தோல் தெரியும், ஜெர்மனில் ஒரு எழுத்து தெரியாது. அந்தக் கடிதத்தைச் சரியாகப் படித்தவர் அவர்தான். அன்றிலிருந்து ஆறு மாதம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் பின்னாலேயே நடந்தேன். நான் மொழிபெயர்ப்பாளன் ஆனது அந்த ஆறு மாதத்தில்தான். சான்றிதழ் வாங்கிய அன்று இல்லை.

நம்ம மண்ணில் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு: துபாஷி. இரண்டு மொழிக்காரன். ஆற்காடு நவாப் பதவிக்கு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அடித்துக்கொண்ட காலத்தில், புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். புரட்டிப் பாருங்கள். இலக்கணமா இருக்கிறது அதில்? கப்பல் எப்போது வந்தது, துணி வியாபாரம் என்ன ஆயிற்று, யாருக்கு யார் மேல் கோபம் என்று இருக்கிறது. அந்த விவரமெல்லாம் கைக்குள் இருந்ததால்தான் அவருடைய பிரெஞ்சுக்கு விலை இருந்தது.

தோல் தொழிலை இன்னும் கொஞ்சம் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் ஏற்றுமதியை நம்பி நிற்கிற ஊர்கள். 1989 இறுதியில் பென்டாகுளோரோஃபீனால் என்ற பூஞ்சைக்கொல்லியை ஜெர்மனி தடை செய்தது. 1994-ல் சில வகை அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. இங்கே பல டேனரிகள் கெமிக்கல்களையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் ஜெர்மன் விதியைப் படித்து, அதில் சொல்லும் சாயம் நம்ம டிரம்மில் சுற்றுகிற சாயம்தானா என்று சொல்லத் தெரிந்த ஒரு ஆளுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்! இன்றைக்கும் ஐரோப்பிய ரசாயன விதிகள் கூடிக்கொண்டேதான் போகின்றன. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டே ஜெர்மனோ இத்தாலியனோ படிக்கிறவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? இரண்டு கை. வெளியே போகும்போது என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அடுத்து நர்சிங். இந்த ஊரில் அதைப் பேசாமல் போக முடியாது. ஜெர்மனியில் பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்கப் பொதுவாக மொழியில் பி2 நிலை, அதாவது ஆறு படிகளில் நான்காவது படி, கேட்கிறார்கள். சுழியத்திலிருந்து பி2 வர, நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையாக 600 முதல் 800 வரை ஆகும் என்பது ஜெர்மன் கற்பிக்கும் கோதே நிலையத்தின் கணக்கு. தினம் இரண்டு பாடவேளை விடாமல் படித்தாலும் ஒரு வருஷம் ஓடிவிடும். டியூட்டி பார்த்துக்கொண்டே படித்தால் இன்னும் இழுக்கும். ‘மூணே மாசத்துல பி2’ என்று சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸை நீங்களே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் வந்தபிறகும் ஒரு தூரம் இருக்கிறது. நம்ம ஊர்ப் பாட்டி “மயக்கமா வருதும்மா” என்பார். தலை சுற்றுகிறதா, நினைவு தப்புகிறதா? தமிழில் இரண்டுக்கும் அதே சொல்தான். ஜெர்மனில் முதலாவது ஷ்விண்டெல், இரண்டாவது ஓன்மாக்ட். கேஸ் ஷீட்டில் எதை எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து டாக்டர் பார்க்கப்போகிற பார்வையே மாறும். நர்சிங் தெரிந்தவளுக்கு இங்கே நின்று கேட்கத் தோன்றும். மொழி மட்டும் படித்தவனுக்குத் தோன்றாது, என் தழும்பு மாதிரி.

வெளிநாட்டு வேலை என்றதும் ஏஜென்ட் வந்துவிடுவார். அவர் மத்திய அரசில் பதிவு பெற்றவரா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற முகவருக்குச் சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு மேல் லட்சக் கணக்கில் கேட்டால், வீட்டில் நகையை அடகு வைக்கும் முன்னால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் ஒரு வார்த்தை விசாரியுங்கள். என் சொந்தக்காரப் பெண்ணே பணம் கட்டிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். மாமா ஜெர்மன் படித்தவர் என்பது பணம் போன பிறகுதான் ஞாபகம் வந்ததாம்.

ஜப்பானிய மொழி படிப்பவர்களுக்கு ஒன்று. ஜேஎல்பிடி என்ற மொழித்திறன் தேர்வில் பேச்சும் கிடையாது, எழுத்தும் கிடையாது. படிப்பதும் கேட்பதும்தான். அதன் ஐந்து நிலைகளில் நடுவில் இருக்கும் என்3 பாஸ் செய்துவிட்டு மீட்டிங்கில் வாயே திறக்காத பிள்ளைகள் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஜப்பானியத் தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுவது வாய் திறப்பதற்காகத்தான். அங்கே ஜப்பானியர் ‘கெந்தோ ஷிமாஸ்’ என்பார். பரிசீலிக்கிறோம் என்று நேர்ப்பொருள். பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்பதுதான் உள்ளர்த்தம். இது நமக்குப் புரியாதா? பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், “ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்” என்று சொல்வதில்லையா? அதேதான். செய்யாறு சிப்காட்டில் தைவான்காரர்களின் காலணித் தொழிற்சாலை இருக்கிறது. சீனமொழி படித்தவர்கள் சென்னை வரை போக வேண்டியதில்லை, ஆரணி வழியாக பஸ் போகிறது.

வணிகவியல் பிள்ளைகள் சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் ஜெர்மன், பிரெஞ்சு இன்வாய்ஸ் பார்க்கிற வேலைக்குப் போகிறார்கள். சம்பளம் சுமாருக்கு மேல், ஷிஃப்ட் உண்டு, சீக்கிரம் சலிக்கும். அது போதும் அதைப் பற்றி.

ஐ.நா. சபை? கேட்பீர்கள் என்று தெரியும். அங்கே ஆட்சிமொழி ஆறு: ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ரஷ்யன், சீனம், அரபு. ஜெர்மனும் ஜப்பானியமும் அதில் இல்லை. வெளியுறவுப் பணிக்கு யூபிஎஸ்சி தேர்வு எழுதித்தான் போக வேண்டும், போன பிறகு அவர்களே ஒரு மொழியை ஒதுக்கிக் கற்றுக்கொடுப்பார்கள். ஆசைப்படுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி மூன்று வருஷம் படிக்காதீர்கள்.

ஆசிரியர் வேலை நல்ல வேலை. ஆனால் அது கொள்கையோடு ஆடுகிற நாற்காலி. கேந்திரிய வித்யாலயாக்களில் மூன்றாவது மொழியாக இருந்த ஜெர்மனை 2014-ல் கல்வியாண்டின் நடுவிலேயே எடுத்தார்கள். அந்த வகுப்பை நம்பி இருந்த ஆசிரியர்களை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக இயந்திரம். என் பழைய ஃபேக்ஸ் வாசகத்தைப் போன மாதம் மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். ‘லூஸ் கிரெய்ன்’ என்று ஒரு நொடியில் சரியாகப் போட்டுவிட்டது. கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ஆகவே, பக்கம் பக்கமாக மொழிபெயர்த்துச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற தொழில் மெலிந்துகொண்டு வருகிறது. இதை உங்களிடம் மறைத்தால் பாவம். ஆனால் அந்த ஃபேக்ஸில் கடைசி வரி ஒன்று இருந்தது. சரக்கைத் திருப்பி அனுப்புவதாக அவர்கள் சொல்லவே இல்லை. ‘ஒரு தீர்வை எதிர்பார்க்கிறோம்’ என்று மட்டும் இருந்தது. விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், முடித்துக்கொள்வோம் என்று அதற்கு அர்த்தம். மேஸ்திரி தோலை மடித்துக் காட்டிய அன்று சாயங்காலம், காரமான பதிலைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலாளி போனில் பேசினார், நான் நடுவில் நின்றேன். கால் மணி நேரம். அடுத்த ஆர்டரும் அவர்களிடமிருந்தே வந்தது. போனில் எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்பதை எந்த மென்பொருளும் அன்று எனக்குச் சொல்லியிருக்காது.

நேரம் ஆகிவிட்டது, கேள்வி கேளுங்கள்.

(பேரணாம்பட்டிலிருந்து வருவதாகச் சொன்ன மாணவி ஒருவர், “நான் எந்த மொழி எடுக்கலாம் சார்?” என்றார்.)

வீட்டில் என்னம்மா பேசுவீர்கள்? உருதுவா? வெளியே தமிழ். பாட்டி வீடு? சித்தூர் பக்கம், அப்படியானால் தெலுங்கும் வரும். ஆங்கிலம் கல்லூரியில். நான்கு ஆயிற்று! உருது எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியுமென்றால் அரபு எழுத்து உங்களுக்குப் பாதிக்கு மேல் கைவந்ததுதான். சென்னை, பெங்களூரு ஆஸ்பத்திரிகளுக்கு ஓமன், ஏமன், ஈராக்கிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள், கூடவே நின்று பேச ஆள் தேடுகிறார்கள். ஐ.நா.வின் ஆறில் அரபும் ஒன்று. என்னைக் கேட்டால் அரபு எடுங்கள்.

(“எனக்குக் கொரியன்தான் பிடிச்சிருக்கு சார்.” அரங்கில் சிரிப்பு.)

சீரியல் பார்ப்பீர்களா? சரி, பிடித்ததைப் படிக்கிறவரை யாரும் தடுக்க முடியாது. கொரிய எழுத்து ஒரு வாரத்தில் வந்துவிடும், அவ்வளவு ஒழுங்கான எழுத்து. எழுத்து வந்ததும் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஏறி, இருங்காட்டுக்கோட்டை பக்கம் கொரியக் கார் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கிற தொழிற்சாலை ஒன்றில் யாரையாவது பிடித்து, உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். அங்கேயும் ஒரு மேஸ்திரி இருப்பார்.