ஒரே வீடு, மூன்று குடித்தனம்

நேயர்களுக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜெர்மனியில் ஊரும் வீடும் இல்லாமல் நின்றவர்களில் இரு சாராரைப் பற்றிப் பேசப்போகிறேன். வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பிய யூதர்கள் ஒரு பக்கம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்ட, தப்பியோடிய ஜெர்மானியர் இன்னொரு பக்கம். இவர்கள் மட்டும் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர். இந்த இரு சாராரும் அடுத்தடுத்துக் குடியிருந்த ஓர் இடம் உண்டு. மியூனிக்கிற்குத் தெற்கே, வோல்ஃப்ராட்ஸ்ஹவுசன் பக்கத்திலுள்ள ஃபெரன்வால்ட்.

நாஜி ஆட்சியில் வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது. 1945-இல் அமெரிக்கர்கள் அதை அகதிகள் முகாமாக்கினார்கள். அந்த ஆண்டே அது யூதர்களுக்கு மட்டுமான முகாமாயிற்று. தெருக்களுக்கு அமெரிக்க மாநிலங்களின் பெயர்கள் வந்தன. யூதர்களின் ஜெப ஆலயம், பள்ளிக்கூடம், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் ஒரு வாரப் பத்திரிகை, குளியல் கட்டடத்துக்குள் சடங்கு நீராடலுக்கான தொட்டி என்று ஒரு சிற்றூரே உருவாகிவிட்டது. கல்யாணங்கள் நடந்தன, குழந்தைகள் பிறந்தன. போக முடிந்தவர்கள் இஸ்ரேலுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். காசநோயாளிகளை எந்த நாடும் லேசில் சேர்த்துக்கொள்ளவில்லை. முகாம் 1957 வரை இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஜெர்மனியில் கடைசியாக மூடப்பட்ட யூத முகாம் இதுதான்.

முகாம் முழுதும் காலியாகும் முன்பே கத்தோலிக்கத் திருச்சபை அந்த வீடுகளை வாங்கிப் பிள்ளைகள் நிறைந்த குடும்பங்களுக்குக் கொடுத்தது. அவற்றில் பல, கிழக்கிலிருந்து துரத்தப்பட்டவர்களின் குடும்பங்கள். ஊர்ப் பெயர் வால்ட்ராம் என்று மாறியது. தெருப் பெயர்களும் மறுபடி மாறின. முந்தைய குடித்தனத்தைப் பற்றிப் பேச்சே எழாமல் பல ஆண்டுகள் போயின.

வந்தவர்களுக்கும் சொந்த ஊர் ஏக்கம் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் துரத்தப்பட்ட ஜெர்மானியரின் அமைப்புகள் 1950-இல் வெளியிட்ட சாசனத்தைப் பாருங்கள். பழிவாங்கமாட்டோம் என்கிறது, தங்கள் துன்பத்தைச் சொல்கிறது. யூதர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போரைத் தொடங்கியது யார் என்பதும் இல்லை. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

பழைய குளியல் கட்டடத்தை இடிக்கப் பேச்சு வந்தபோது உள்ளூர்க்காரர்களே சங்கம் வைத்துத் தடுத்தார்கள். 2018 முதல் அது நினைவகம். ஆலைத் தொழிலாளர்கள், யூதர்கள், துரத்தப்பட்ட ஜெர்மானியர் என்று மூன்று குடித்தனங்களின் கதையும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. இப்படி வைத்தால் எல்லார் துயரமும் ஒன்றுதான் என்றாகிவிடாதா என்று கேட்கலாம். எனக்கு அந்தப் பயம் இல்லை. யார் எதனால் அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதை விடாமல் சொன்னால், வித்தியாசம் பார்ப்பவருக்கே தெரிந்துவிடும். நன்றி, வணக்கம்.