உருகவில்லை, தளர்ந்திருக்கிறது

(நியூ ஜெர்சியில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: "செப்டம்பர் 11 போன்ற தாக்குதல்களை அரசாங்கத்தின் சதி என்று இணையத்தில் பரப்புவோரோடு வாதாடுவது கடமையா? காலவிரயமா?" கடமையே என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய உரை.)

நடுவர் அவர்களுக்கு வணக்கம். எதிரணிக்கு வணக்கம். சபைக்கு வணக்கம். பின்னால் வடை வரிசையில் நிற்பவர்களுக்குத் தனி வணக்கம். நீங்கள் வாங்கிக்கொண்டே வாருங்கள். வடை தீர்ந்துவிடும், நான் தீர மாட்டேன்.

எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். அதில் பாதி எதிரணிச் சகோதரிக்குப் பதில் சொல்லவே போய்விடும். என்ன சொன்னார் தெரியுமா? வடைக்குப் போனவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். "படித்த மனுஷன் ஒருத்தர் ராத்திரி ரெண்டு மணிக்கு உட்கார்ந்து, அந்த இரட்டைக் கோபுரத்து இரும்பு உருகுமா உருகாதா என்று கைப்பேசியில் சண்டை போடுகிறார். ஐயா, இரும்பு உருகவில்லை. உங்கள் மூளைதான் உருகியிருக்கிறது!"

பலத்த கைத்தட்டல். நானும் தட்டினேன், நல்ல வசனம். ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற என் மனைவி, என்னைவிடப் பலமாகத் தட்டியதை நான் கவனிக்காமல் இல்லை.

சகோதரி, ஒரு சின்னத் திருத்தம். உருகவில்லை. தளர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த ஒரு வித்தியாசத்துக்காகத்தான் ஐந்து மாதம் என் தாய்மாமாவோடு மல்லுக்கட்டினேன்.

மாமா பாளையங்கோட்டையில் ஓய்வு பெற்ற இயற்பியல் வாத்தியார். எனக்கு ஆர்க்கிமிடீஸைச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு கார்த்திகை மாதம், எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு வீடியோவைப் போட்டார். 2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விமானம் மோதி விழவில்லை, அமெரிக்க அரசாங்கமே குண்டு வைத்துத் தகர்த்தது என்கிற வீடியோ. கீழே அவர் கைப்பட ஒரு கணக்கு: "விமான எரிபொருள் எரிந்தால் அதிகபட்சம் ஆயிரம் டிகிரி. எஃகு உருக ஆயிரத்து ஐந்நூறு டிகிரி. மீதி ஐந்நூறு டிகிரியை யார் போட்டது? அதிபர் புஷ் கைக்காசா?"

கணக்கு சரிதான் நடுவர் அவர்களே. அதுதான் பிரச்சினையே. அந்த இரண்டு எண்ணிலும் தப்பு கிடையாது. தப்பு கேள்வியில் இருக்கிறது. எஃகு எதற்கு உருக வேண்டும்? 600 டிகிரியிலேயே அதன் பலம் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். விமானம் மோதிய வேகத்தில் எஃகின் மேல் பூசியிருந்த தீத்தடுப்புப் பூச்சு உதிர்ந்துபோனது. வெறும் எஃகு நெருப்பில் நின்றது. தளங்கள் தொய்ந்தன, தொய்ந்தவை வெளித்தூண்களை உள்பக்கமாக இழுத்தன, மேலே இருந்த மாடிகளின் பாரம் மொத்தமாக இறங்கியது. தெற்குக் கோபுரம் 56 நிமிடம் தாங்கியது, வடக்குக் கோபுரம் 102 நிமிடம்.

இதையெல்லாம் எழுதினால் மாமா படிப்பாரா? வாத்தியாருக்கு வாத்தியார் பாஷையில்தான் சொல்ல வேண்டும். "மாமா, அத்தை சமையக்கட்டு ஜன்னல்ல, கரண்ட் போனா ஏத்துறதுக்கு ஒரு மெழுகுவத்தி வச்சிருப்பாங்கல்ல? வெயில்ல அது எப்படி வளைஞ்சு நிக்கும்? உருகியா வளையுது? ஒரு சொட்டு கீழே விழுந்திருக்கா? போய்ப் பாருங்க."

பதிலே இல்லை. இங்கே ராத்திரி இரண்டு மணி, அங்கே பகல் பன்னிரண்டரை. இருபது நிமிடம் நான் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாமா அசந்துபோய்விட்டார் என்று எனக்குள்ளே ஒரு மிதப்பு. டிங் என்று ஒரு படம் வந்தது. ஜன்னல். எவர்சில்வர் டம்ளர். அதில் மெழுகுவர்த்தி, ராணுவ வீரன் மாதிரி விறைப்பாக நிற்கிறது. கீழே ஒரு வரி: "நிமிர்ந்துதான் இருக்கு மருமவனே."

கார்த்திகை மாதம்! வெளியே அடைமழை! மெழுகுவர்த்தி எப்படி வளையும்? நாற்பத்து மூன்று பேர் இருக்கிற குரூப்பில் என் மானம் போனது. சித்தி மகன் ஒருத்தன் கைத்தட்டும் பொம்மையைப் போட்டான். அவன் இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. சும்மா போட்டான்.

நான் விடவில்லை. மார்கழி போனது, தை போனது. மாசியில் கேட்டேன், "மாமா, மெழுகுவத்தி?" "விறைப்பா நிக்கி." பங்குனியில் கேட்டேன். "லேசா காத்துல ஆடுது, அவ்வளவுதான்." சகோதரி, மெழுகுவர்த்தி காற்றில் ஆடுமா? அந்த இடத்தில் ஏதோ மறைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சதி! எங்கள் குடும்பத்துக்குள்ளேயே சதி!

சித்திரை பிறந்தது. பாளையங்கோட்டை வெயில். ஒரு நாள் அத்தை எனக்குத் தனியாக ஒரு படம் அனுப்பினார். அதே ஜன்னல், அதே டம்ளர். மெழுகுவர்த்தி, வாசலில் வந்த பெரியவரைக் கும்பிடுகிற மாதிரி இடுப்பை வளைத்துக் குனிந்து நிற்கிறது. டம்ளருக்குக் கீழே ஒரு பொட்டு மெழுகு இல்லை. அத்தை எழுதியிருந்தார்: "நீ சொன்னது சரிதான்யா. நான் கார்த்திகையில இருந்து தினமும் பாத்துக்கிட்டே இருக்கேன். உங்க மாமாகிட்ட நான் அனுப்பினேன்னு சொல்லிராத."

நான் சொல்வேனா? உடனே குரூப்பில் போட்டேன். மாமா ஒரே வரியில் பதில் சொன்னார். "அது மெழுகு. இது எஃகு."

சகோதரி கேட்டார், ஐந்து மாதம் வாதாடி ஒரு மாமாவை மாற்ற முடிந்ததா என்று. முடியவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குரூப்பில் நாற்பத்து மூன்று பேர். பேசியது இரண்டு பேர், பொம்மை போட்டது ஒருத்தன். மிச்சம் நாற்பது பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் அத்தை, யாரிடமும் சொல்லாமல் தினமும் ஜன்னலுக்குப் போய்ச் சோதனை நடத்தியிருக்கிறார். நான் வாதாடியது அத்தைக்குத்தான். அது எனக்கே அப்போது தெரியாது.

சரி, நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சட்டென்று மற்றதற்கு வருகிறேன்.

மாமாவின் அடுத்த அஸ்திரம், கோபுரங்களுக்குப் பக்கத்தில் அதே வளாகத்தில் இருந்த ஏழாவது கட்டடம். விமானமே மோதாத 47 மாடிக் கட்டடம், அன்று மாலை 5.20-க்கு விழுந்தது. அது விழுவதற்குச் சுமார் 20 நிமிடம் முன்னாலேயே பிபிசி "விழுந்துவிட்டது" என்று அறிவித்தது, நிருபருக்குப் பின்னால் அந்தக் கட்டடம் நின்றுகொண்டிருக்கும்போதே. உண்மைதான். ஆனால் தீயணைப்பு வீரர்கள் அது விழும் என்று மதியத்திலிருந்தே ஆட்களை விலக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு கைமாறிக் கைமாறிச் செய்தியாகிவிட்டது. நம் ஊர்த் தொலைக்காட்சிகள் எத்தனை பேருக்கு, அவர்கள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே இரங்கல் சொல்லியிருக்கின்றன? அதற்காகச் செய்தி வாசிப்பவர்தான் கொன்றார் என்றா சொல்வோம்? கோபுரத்திலிருந்து விழுந்த எரிந்த துண்டுகளால் அங்கே தீப்பிடித்தது, நகரக் குழாய்கள் உடைந்து கீழ்மாடிகளுக்குத் தண்ணீர் இல்லை, ஏறக்குறைய ஏழு மணி நேரம் எரிந்தது. சூட்டில் விரிந்த உத்தரங்கள் ஒரு முக்கியத் தூணோடு இருந்த பிடிப்பை விட்டுப்போகச் செய்தன. 2008-ல் வந்த விசாரணை அறிக்கையில் அந்தத் தூணின் எண்ணே இருக்கிறது: 79.

அன்று நாலாயிரம் யூதர்கள் வேலைக்கே வரவில்லை என்று இன்னொரு கதை. இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல எனக்கு வராது. யூதர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே செத்தார்கள். அவ்வளவுதான்.

மாமா சொன்னதில் ஒன்று மட்டும் என்னை வாயடைத்தது. "அரசாங்கம் பொய் சொல்லாதா?" சொல்லும். 1964-ல் டோன்கின் வளைகுடாவில் நடக்காத தாக்குதலைக் காட்டி வியட்நாமில் இறங்கினார்கள். 1962-ல் தங்கள் ஆட்களே நாசவேலை செய்துவிட்டுக் கியூபா மேல் பழி போடலாம் என்று ராணுவத் தலைமையே எழுதிக்கொடுத்தது, கென்னடி ஒப்பவில்லை. 2003 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று ஐநா சபையில் ஒரு சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். ஈராக்கில் அந்த ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. இத்தனையும் தெரிந்த மனுஷன் சந்தேகப்படுவதை நான் எந்த முகத்தோடு தப்பு என்பேன்?

அதனால்தான் சொல்கிறேன், கேட்க வேண்டிய கேள்வியைக் கேளுங்கள் என்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று, அல்கொய்தா தலைவன் பின்லேடன் அமெரிக்காவுக்குள் தாக்கத் தீர்மானித்திருக்கிறான் என்ற குறிப்பு அதிபர் கைக்குப் போயிருக்கிறது. விமானங்களைக் கடத்தியவர்களில் இரண்டு பேரை 2000 ஜனவரியில் கோலாலம்பூரிலேயே அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ மோப்பம் பிடித்தது. அவர்கள் அங்கிருந்து கலிபோர்னியா வந்து சான் டியேகோவில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். அவர்கள் பெயர் கண்காணிப்புப் பட்டியலில் ஏறியது எப்போது? 2001 ஆகஸ்ட் கடைசியில்! ஒரு அலுவலகத்துக்குத் தெரிந்தது பக்கத்து அலுவலகத்துக்குத் தெரியவில்லை. கோட்டை விட்டார்கள். குண்டு வைத்தது யார் என்று நாம் தேடிக்கொண்டே இருந்தால், கோட்டை விட்டவர்கள் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். இதை வெளியே கொண்டுவர வைத்தது யார்? இதே நியூ ஜெர்சியில், கணவனைப் பறிகொடுத்த நான்கு பெண்கள். விசாரணைக் குழுவே வேண்டாம் என்றிருந்த வெள்ளை மாளிகையைச் சும்மா இருக்க விடவில்லை. 2002 நவம்பரில் குழு அமைந்தது, 2004 ஜூலையில் அறிக்கை வந்தது. அவர்களும் அரசாங்கத்தைச் சந்தேகப்பட்டவர்கள்தான் சகோதரி.

மணி அடித்தாகிவிட்டது. தெரிகிறது. இன்னும் ஒன்றே ஒன்று.

போன வருடம் மாமாவும் அத்தையும் இங்கே வந்தார்கள். நினைவிடத்துக்குக் கூட்டிப்போனேன். போகும்போது மாமா சட்டைப்பையில் கேள்விகளை எழுதிவைத்திருந்தார், அங்கே இருக்கிற ஆட்களிடம் கேட்க. கோபுரங்கள் நின்ற அதே இடத்தில் இரண்டு பெரிய பள்ளம், நாலு பக்கமும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. விளிம்பில் வெண்கலத் தகட்டில் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். அன்று இறந்தவர்கள் 2,977 பேர், அதில் தீயணைப்பு வீரர்கள் மட்டும் 343. யாருக்காவது பிறந்தநாள் என்றால் அந்தப் பெயரில் ஒரு வெள்ளை ரோஜாவைச் செருகி வைப்பார்கள்.

மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற மாதிரி விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். நம் ஊர்ப் பெயர்கள் வந்தால் நின்றார். ஒரு பெண்ணின் பெயரில் விரல் அப்படியே நின்றுவிட்டது. பெயருக்குப் பின்னால் இன்னும் சில வார்த்தைகள் இருந்தன. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னல இது?" "வயித்துப்பிள்ளை மாமா. பேர் வைக்கலைல்லா. அதான் 'இவரும், இவருடைய பிறக்காத குழந்தையும்'னு போட்டிருக்காங்க."

அத்தை முந்தானையை எடுத்து அந்தத் தகட்டைத் துடைத்தார். தண்ணீர்ச் சாரல் பட்டிருந்தது. துடைக்கத் துடைக்க மறுபடி பட்டது. அத்தை நிறுத்தவில்லை.

நியூயார்க் கோபுரங்களில் இறந்தவர்களில் ஏறக்குறைய 1,100 பேருடைய மிச்சம் இதுவரை அடையாளம் காணப்படவில்லை என்று சொன்னேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை. சட்டைப்பையில் இருந்த காகிதத்தையும் எடுக்கவில்லை.

திரும்பி வரும் ரயிலில், முதல் விமானத்தில் பணிப்பெண்ணாக இருந்த பெட்டி ஓங் பற்றிக் கேட்டார். "அந்தப் பிள்ளை போன்ல எவ்வளவு நேரம் பேசிச்சு?" சுமார் 25 நிமிடம் என்றேன். "விமானத்துக்குள்ள இருந்தா?" ஆமாம் மாமா. பயணிகள் எந்த இருக்கை, யாருக்குக் குத்துப்பட்டிருக்கிறது, எல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள் என்றேன். குரோவ் ஸ்ட்ரீட் போனது. ஜர்னல் ஸ்கொயர் போனது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர், ஹாரிசன் வரும்போது என் பக்கம் திரும்பினார்.

"எல்லாம் சரி மருமவனே. அந்த ஏழாவது கட்டடம் மட்டும் எனக்கு இன்னும் இடிக்குதுல."

ராத்திரி பேசுவோம் மாமா என்றேன். பேசினோம், நடுவர் அவர்களே. இரண்டு மணி வரைக்கும். கைப்பேசி இல்லாமல், சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே. நடுவில் அத்தை வந்து இரண்டு பேருக்கும் பால் ஆற்றிக் கொடுத்துவிட்டு, அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வணக்கம்.