அட்டையும் பசையும் இன்னும் வேண்டும்

நடுவர் அவர்களே, வணக்கம். கட்டட வடிவமைப்புக்குக் கையால் செய்யும் மாதிரி இன்றும் தேவை என்பது எங்கள் கட்சி. கணினியே போதும் என்கிறது எதிரணி. நொடியில் சுவரை நகர்த்தலாம், எந்தக் கோணத்திலும் சுற்றிப் பார்க்கலாம் என்றார் எனக்கு முன் பேசிய நண்பர். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திரையில் வரைந்த கூரைக்கு எடை உண்டா? தூணே இல்லாவிட்டாலும் அது அந்தரத்தில் நிற்குமே!

அட்டையில் செய்து பாருங்கள். 1:50 அளவில் 3 மில்லிமீட்டர் அட்டை 15 சென்டிமீட்டர் சுவருக்குச் சமம். அகலமான கூரையை இரண்டு ஓரச் சுவர்மேல் மட்டும் வைத்தால் நடுவில் தொய்யும். அட்டையின் பலம் வேறு, கான்கிரீட்டின் பலம் வேறுதான். ஆனாலும் 'இங்கே என்ன தாங்கப் போகிறது?' என்ற கேள்வி அந்த நொடியே வந்துவிடுகிறது. படிக்கட்டை ஒட்டும்போது மேலே உள்ள விட்டம் விரலில் இடிக்கும். அங்கே ஏறுபவரின் தலையும் இடிக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஸ்பெயின் நாட்டுக் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடியை நினைத்துப் பாருங்கள். பார்சிலோனா அருகே கொலோனியா குயெல் தேவாலயத்துக்காக அவர் கயிறுகளைத் தொங்கவிட்டு, ஈயக் குண்டுகள் நிரப்பிய சின்னச் சின்னப் பைகளைக் கட்டினார். எடைக்கு ஏற்பக் கயிறு தானாக வளைந்தது. அதைப் புகைப்படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். கல் வளைவு எப்படி நிற்க வேண்டும் என்று அந்தப் படம் காட்டியது. ஏறத்தாழ 10 ஆண்டு உழைப்பு! புவியீர்ப்பே அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது.

'அந்தக் கணக்கை இன்று கணினி போடுமே' என்பீர்கள். போடும். ஆனால் எந்த வடிவத்துக்குப் போடுவது? ஸ்பெயினில் 1997-இல் திறந்த பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகத்தைக் கணினி யுகத்தின் சாதனை என்கிறோம். அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி அதன் வளைவுகளைக் காகிதத்திலும் மரத்திலும் மாதிரி செய்துதான் தேடினார். அந்த மாதிரிகளை அளந்த பிறகுதான், போர் விமானம் வடிவமைக்க உருவான கட்டியா மென்பொருளுக்குள் வடிவம் போனது. முதலில் கை, அப்புறம் கணினி.

இன்னொன்று, வீடு கட்டச் சொல்பவருக்கு வரைபடம் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை. மாதிரியை மேசையில் வைத்தால் குனிந்து வாசல் வழியே எட்டிப் பார்ப்பார். 'இந்த அறை இருட்டாக இருக்குமே' என்பார். கட்டிய பிறகு சுவரை இடிப்பதைவிட, அந்த இடத்திலேயே அட்டையைக் கத்தியால் வெட்டி ஒரு சன்னல் திறப்பது எவ்வளவு மேல்!

கணினியை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை, நடுவர் அவர்களே. அது மட்டும் போதும் என்பதைத்தான் மறுக்கிறோம். எதிரணியில் அடுத்து வருபவர் பில்பாவோவுக்குப் பதில் சொல்லிவிட்டுத் தன் வாதத்தைத் தொடங்கட்டும்.