முதல் படத்துக்கு ஒரு விருது

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அனிமேஷன் படிக்கும் மாணவர்களுக்கும் முதல் படம் எடுப்பவர்களுக்கும் தனி விருது எதற்கு, நல்ல படமென்றால் பெரியவர்களோடு மோதியே ஜெயிக்கட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள், அதாவது அசையாத தனிப்படங்கள், ஓடுகின்றன. வரைந்த ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும், 15 நிமிடக் குறும்படத்துக்கு 10,800 ஓவியங்கள் வேண்டும். ஸ்டுடியோவில் அந்த வேலையைப் பங்குபோட ஒரு படையே இருக்கும். மாணவரிடம் இருப்பது தன் இரண்டு கைகளும், கூப்பிட்டால் வரும் சில நண்பர்களும்தான்.

தாரியா காஷ்சீவாவின் கதையைச் சொல்கிறேன். தஜிகிஸ்தானில் பிறந்தவர், பிராக் நகரின் ஃபாமு திரைப்படக் கல்லூரியில் படித்தவர். அங்கே அவர் எடுத்த பொம்மைப் படம் 'டாட்டர்'. ஆஸ்பத்திரியில் நோயாளித் தகப்பனின் அருகே இருக்கும் மகளுக்குச் சின்ன வயது ஞாபகம் வருகிறது. அடிபட்ட ஒரு பறவையைப் பற்றி அப்பாவிடம் சொல்லத் தவித்த நாள் அது. படத்தில் வசனமே கிடையாது. எல்லாவற்றையும் அந்தப் பொம்மைகளின் கண்கள் பேசிவிடுகின்றன. அந்தக் கண்கள் வண்ணத்தால் வரையப்பட்டவை. போதாததற்கு, கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதுபோல் காட்சி குலுங்குகிறது. பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு பிரேமாகப் பிடிக்கும் இந்த ஸ்டாப் மோஷன் முறையில் கேமரா தானாகக் குலுங்காது. ஒவ்வொரு குலுக்கலையும் பிரேம் பிரேமாகத் திட்டமிட்டு நகர்த்த வேண்டும். பிழைப்புக்குப் படம் எடுக்கிறவர் இந்தத் துணிச்சலுக்குப் போகமாட்டார்.

2019இல் பிரான்சின் ஆனெசி அனிமேஷன் விழாவில், மாணவர் படங்களுக்கான கிரிஸ்டல் விருது இதற்குக் கிடைத்தது. அதே ஆண்டு மாணவர் ஆஸ்கரும் வந்தது. மாணவர் ஆஸ்கர் வாங்கிய படம் பெரிய ஆஸ்கர் போட்டிக்கும் தகுதி பெறும். அந்த வழியில் 'டாட்டர்' 2020இல் சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான இறுதிப் பட்டியலில் நின்றது. பெரியவர்களோடு மோதட்டும் என்பவர்களுக்கு இதுதான் என் பதில்: மோதினார்தான், ஆனால் அந்தக் களத்துக்குக் கதவைத் திறந்தது மாணவர் விருது.

என்னைக் கேட்டால், மாணவர் விருதைவிட முதல் பட விருதுதான் இன்னும் அவசியம். படிப்பு முடிந்த மறுநாள் கல்லூரி ஸ்டுடியோ இல்லை, கேமரா இல்லை, திருத்திச் சொல்ல ஆசிரியர் இல்லை. இங்கிலாந்தின் அனிமேஷன் இயக்குநர் நிக் பார்க், வாலஸ் என்ற மனிதரும் அவர் நாய் க்ரோமிட்டும் வரும் முதல் படத்தை 1982இல் மாணவராகத் தொடங்கினார். படிப்புக் காலத்தில் முடியவில்லை. ஆர்ட்மன் அனிமேஷன் நிறுவனம் அவரை வேலைக்குச் சேர்த்து, படத்தை முடிக்கவும் உதவியது. அது 1989இல்தான் வெளிவந்தது. அப்படிக் கைகொடுக்க ஆள் கிடைக்காமல் பாதியில் நின்றுபோகும் முதல் படங்களை எந்த விழாவும் பார்ப்பதில்லை.

ஆனெசியில், அந்த விழாவை நடத்திய ழான்-லூக் க்ஸிபெராஸின் பெயரில் முதல் படத்துக்கென்றே ஒரு விருது இருக்கிறது. நம் ஊர் விழாக்களும் அப்படியொன்றை வைக்கட்டும். கேடயத்தோடு அடுத்த படத்துக்குச் செலவுப் பணமும், ஆறு மாதம் உட்கார்ந்து வேலை செய்ய ஓர் இடமும் சேர்த்துக் கொடுக்கட்டும். நன்றி, வணக்கம்.