விதை பிடிக்காத பயிரில் புது ரகம்: மஞ்சளின் மரபியல்

உழவர் பெருமக்களுக்கும் வேளாண் மாணவர்களுக்கும் வணக்கம். நறுமணப் பயிர்களில் மேம்பட்ட ரகங்களை உருவாக்கும் மரபியலைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். மிளகு, ஏலம், இஞ்சி, கொத்தமல்லி, வெந்தயம் என்று எல்லாவற்றையும் தொட்டுச் செல்வதைவிட, ஈரோட்டுச் சீமையின் பயிரான மஞ்சளை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று ஆழமாகப் பார்க்க விரும்புகிறேன்.

நெல்லில் ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தின் சூலகமுடியில் சேர்த்தால் விதை கிடைக்கிறது. அந்த விதையின் வழித்தோன்றல்களில் பெற்றோரின் பண்புகள் பலவாறு கலந்து வெளிப்படுவதால், வேண்டியதைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. மஞ்சளும் பூக்கத்தான் செய்கிறது. ஆனால் பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. அதன் உடலணு ஒவ்வொன்றிலும் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் 63 உள்ளன. அடிப்படை எண், அதாவது ஒரு தொகுதியில் உள்ள எண்ணிக்கை, 21 என்று கொண்டால், அது மூன்று தொகுதிகள் கொண்ட மும்மடியப் பயிர். மகரந்தமும் சூலணுவும் உருவாகும் வேளையில் குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இணைந்து சரிபாதியாகப் பிரிய வேண்டும். மூன்று தொகுதிகள் இருக்கும்போது அந்தப் பங்கீடு ஒழுங்காக நடப்பதில்லை. ஓர் அணுவுக்குக் கூடுதலாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போய்ச்சேர, பெரும்பாலான இனப்பெருக்க அணுக்கள் பயனற்றுப் போகின்றன.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நாம் ஆண்டுதோறும் நடும் விதைமஞ்சள் உண்மையில் விதையன்று, தாய்ச்செடியின் உடற்பகுதி. இன்று ஒருவர் வயலில் நிற்கும் செடியும் அவருடைய பாட்டனார் நட்ட செடியும், இடையில் மாற்றம் ஏதும் நேர்ந்திராவிட்டால், மரபளவில் ஒரே செடிதான். நல்ல குணம் கைநழுவாமல் நிலைத்து நிற்பது இதன் வரம். அதே காரணத்தால், கிழங்கழுகல் போன்ற நோய்க்கு ஒரு செடி எளிதில் ஆளாகுமானால் வயல் முழுவதும் ஆளாகும். நோய்க்கிருமியும் விதைமஞ்சளோடு சேர்ந்தே அடுத்த ஆண்டுக்குப் பயணம் செய்யும்.

மிளகும் உடற்பகுதியால் பெருக்கப்படும் பயிர்தான். ஆயினும் அதில் முளைக்கும் விதை உண்டு என்ற ஒரே வேறுபாடு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. கேரளத்தின் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில் உத்திரங்கோட்டா, செறியகணியக்காடன் என்ற இரண்டு நாட்டு வகைகளை இணைத்துப் பெற்ற பன்னியூர் 1 என்ற கலப்பினம் 1971-இல் வெளியிடப்பட்டது. கலப்பில் கிடைக்கும் நாற்று ஒவ்வொன்றும் வெவ்வேறு மரபமைப்புக் கொண்டது. அவற்றுள் சிறந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், பிறகு கொடித்துண்டுகளாலேயே அதை மாறாமல் பெருக்கிக்கொள்ளலாம்.

மஞ்சளில் இந்த வழி நெடுங்காலம் அடைபட்டிருந்ததால், ஆய்வாளர்கள் வேறு இரண்டு வழிகளை நாடினார்கள். முதலாவது, உழவர்களிடம் இருக்கும் நாட்டு வகைகளைத் திரட்டி, ஒரே வயலில் நட்டு, சிறந்ததைப் பிரித்தெடுப்பது. இரண்டாவது, கிழங்கின் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தி மரபணுவில் திடீர் மாற்றத்தைத் தூண்டுவது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1, பவானிசாகரில் உருவான பி.எஸ்.ஆர். 1 ஆகிய ரகங்கள் ஈரோடு நாட்டு மஞ்சளிலிருந்து இப்படிக் கதிர்வீச்சின் வழியாகக் கிடைத்தவை.

கதிர்வீச்சு என்றதும் உடனே புது ரகம் பிறந்துவிடுவதாகச் சிலர் எண்ணுகிறார்கள். நடப்பது அதுவன்று. கிழங்கின் ஒரு மொட்டுக்குள் ஏராளமான அணுக்கள் இருக்கின்றன. கதிர் பட்டு மாறுவது அவற்றுள் ஏதோ ஒன்றிரண்டு. அதிலிருந்து வளரும் தண்டில் மாறிய திசுவும் மாறாத திசுவும் கலந்தே இருக்கும். அந்தச் செடியின் விரல் போன்ற கிளைக்கிழங்குகளான விரலிகளைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் அடையாளமிட்டு நட்டு, மறு ஆண்டு அவற்றின் விரலிகளையும் அவ்வாறே பிரித்து நட்டு வந்தால்தான், முழுவதும் மாறிய திசுவால் ஆன செடி பிரிந்து வரும். மாற்றங்களில் பெரும்பாலானவை தீங்கானவை. அவற்றைக் கழித்த பிறகே நல்லது தெரியும். ஒரு பருவத்துக்கு ஒன்பது மாதம் பிடிக்கும் பயிரில் இதைச் செய்து முடித்தவர்களின் பொறுமையை நான் மிக உயர்வாகவே மதிக்கிறேன்.

அடைபட்ட கதவும் பின்னர் ஓரளவு திறந்தது. சில மஞ்சள் வகைகளில் அரிதாக விதை பிடிப்பதைக் கவனித்த கோழிக்கோடு இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையத்தார், இயற்கை மகரந்தச் சேர்க்கையில் உண்டான அவ்விதைகளை முளைக்க வைத்தார்கள். நாற்றுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. குரோமோசோம் எண்ணிக்கையிலேயே வேறுபாடு காணப்பட்டது. நூற்றாண்டுகளாக ஒரே உடலுக்குள் பூட்டிக் கிடந்த வேற்றுமை, விதையின் வழியே வெளியே வந்தது என்றே இதைக் கொள்ள வேண்டும். அந்த நாற்றுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவைதான் பிரபா, பிரதிபா என்ற ரகங்கள். உலர்ந்த கிழங்கில் முறையே 6.5, 6.2 விழுக்காடு குர்க்குமின் என்ற நிறமி கொண்டவை என்று அந்நிலையம் பதிவு செய்துள்ளது.

அந்தக் குர்க்குமின் எப்படி உண்டாகிறது? ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தொடங்கும் ஒரு வேதிப்பாதையின் கடைசிப் படிகளில், இரண்டு வகை நொதிகள் அடுத்தடுத்து வேலை செய்து இந்த மஞ்சள் நிறமியைக் கட்டுகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் இதை விளக்கினார்கள். போபாலில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசரைச் சேர்ந்தவர்கள் 2021-இல் மஞ்சளின் மரபணுத்தொகுதியையே படித்து வெளியிட்டார்கள். எந்த மரபணு எங்கே இருக்கிறது என்று அறிவது இப்போது எளிதாகியிருக்கிறது. ஆனால் மரபணு மட்டுமே அளவைத் தீர்மானிப்பதில்லை. மேகாலயத்தின் ஜயந்தியா மலையில் விளையும் லகடாங் மஞ்சள் மிகுந்த குர்க்குமினுக்குப் பெயர்பெற்றது. அதையே வேறு மண்ணிலும் வேறு வெப்பநிலையிலும் நட்டால் அந்த அளவு அப்படியே கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஒரு ரகத்தைப் பல இடங்களில், பல பருவங்களில் நட்டுப் பார்த்த பிறகே பரிந்துரைப்பது இதற்காகத்தான். சிட்டையில் அச்சிட்ட விழுக்காட்டை மட்டும் பார்த்து வெளியூர் விதைமஞ்சளை வண்டி வண்டியாக இறக்குவதற்கு முன், பத்துச் செடியாவது தம் நிலத்தில் வைத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

இன்னொரு தடையையும் சொல்ல வேண்டும். ஹெக்டேருக்கு ஏறக்குறைய 2 டன் விதைமஞ்சள் தேவைப்படுகிறது. ஒரு பருவத்தில் அது பத்து மடங்கு அளவே பெருகும். ஆகையால் நல்ல செடி ஒன்று கிடைத்தாலும் ஊர் முழுவதும் பரவ நெடுநாள் ஆகும். ஒற்றைக் கணுவை வெட்டிக் குழித்தட்டில் நாற்றாக்கி நடும் முறை இந்தத் தாமதத்தைப் பெரிதும் குறைக்கிறது.

இவ்வளவு முயற்சிக்கும் மூலப்பொருள் எங்கே இருக்கிறது? கலப்புக்கு வழி குறுகிய பயிரில், புதிய வேற்றுமை எளிதில் பிறப்பதில்லை. ஏற்கெனவே உழவர் கையில் இருப்பதுதான் முதல். அதனால் எல்லாரும் ஒரே ரகத்துக்கு மாறி, நாட்டு மஞ்சள் வகைகள் வயலைவிட்டுப் போவதை நான் பெருங்கவலையோடு பார்க்கிறேன். நெல்லைப் போல விதையை உலர்த்தி, குளிர்பதன அறையில் பல்லாண்டு வைத்துக் காப்பதும் இங்கே இயலாது. ஆய்வுக்கூடத்தில் திசுவாகக் காப்பது ஒரு வழி. மற்றபடி ஆண்டுதோறும் தோண்டி, ஆண்டுதோறும் நட்டாக வேண்டும். ஒரு பருவம் விட்டுப்போனாலும் அந்த வகை போனதுதான்.

ஆகவே மாசி, பங்குனியில் வெட்டும்போது, மற்றவை அழுகிய இடத்தில் ஒரு குத்து மட்டும் நலமாக நின்றிருந்தால், அல்லது ஒடித்துப் பார்க்கையில் உள்நிறம் மற்றவற்றைவிட அடர்ந்திருந்தால், அதை வேகவைக்கும் குவியலோடு சேர்த்துவிடாதீர்கள். தனியே ஒதுக்கி, நடவுப் பருவத்தில் தனிப் பாத்தியில் வைத்து, பக்கத்துப் பாத்தியில் வழக்கமான மஞ்சளையும் நட்டு ஒப்பிட்டு வாருங்கள். மூன்று பருவமும் அந்த வேறுபாடு நிலைத்தால், பவானிசாகர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் காட்டுங்கள். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்படி உழவர் தம் ரகத்தைத் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்ள இடமிருக்கிறது.