ஒரே குண்டு, மூன்று கூடுகள்: 6.5×55, .260 ரெமிங்டன், 6.5 கிரீட்மோர்

[திரையில்: மேசை மேல் வரிசையாக மூன்று தோட்டாக்கள்]

வணக்கம். இடப்பக்கம் நிற்பது 6.5×55 ஸ்வீடிஷ், 1890-களில் பிறந்தது. நடுவில் .260 ரெமிங்டன், 1997. வலப்பக்கம் 6.5 கிரீட்மோர், 2007. குண்டையும் வெடிமருந்தையும் தாங்கும் பித்தளை உறைதான் கூடு. மூன்றின் முனையிலும் இருப்பது ஒரே 140 கிரெய்ன் குண்டு (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்). விட்டம் 6.72 மில்லிமீட்டர், பெயரில்தான் 6.5.

ஆலையில் நிரப்பி விற்கும் தோட்டாக்களை எடுத்துக்கொண்டால், இந்தக் குண்டு ஸ்வீடிஷில் விநாடிக்குச் சுமார் 808 மீட்டர் வேகத்தில் கிளம்பும். கிரீட்மோரில் 823, .260-ல் 838. மொத்த வித்தியாசமே 30 மீட்டர். 200 மீட்டர் தூரத்தில் குண்டு கீழே இறங்கும் அளவில் இது ஓரிரு சென்டிமீட்டர் மாற்றத்தைத்தான் தரும். வெள்ளைவால் மானை நியாயமான தூரத்தில், சரியான இடத்தில் சுட்டால், மூன்றில் எதனால் சுட்டோம் என்று காயத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

அப்படியானால் எதற்கு ஒப்பீடு? தோட்டாவைத் தானே நிரப்புகிறவருக்கு இந்த மூன்றும் மூன்று வேறு வேலைகள். வித்தியாசம் காட்டில் தெரியாது, ரீலோடிங் மேசையில் தெரியும். வெடிமருந்து அளவு எதையும் இந்த வீடியோவில் சொல்லப் போவதில்லை. அதற்கு அச்சிட்ட கையேடு இருக்கிறது, அதை மட்டுமே நம்ப வேண்டும். இந்தியாவில் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. நாம் பேசுவது அமெரிக்கா, ஸ்வீடன் போல உரிமத்தோடு வேட்டை நடக்கும் நாடுகளைப் பற்றி.

[திரையில்: 140 கிரெய்ன் 6.5 குண்டு, பக்கத்தில் 150 கிரெய்ன் .308 குண்டு]

முதலில் குண்டு. எடை கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் 6.5 ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கிறது. எடையை விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் குறுக்கு அடர்த்தி, 140 கிரெய்ன் 6.5-க்கு .287. அந்த 150 கிரெய்ன் .308-க்கு (விட்டம் .308 அங்குலம்) .226 மட்டும். அதனால்தான் 6.5 குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழப்பதில்லை, சதைக்குள்ளும் ஆழமாகப் போகிறது. உதை குறைவு என்பதால் சுடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கும் பழக்கமும் குறைகிறது. ஆனால் குண்டு நீளம் என்பதிலிருந்துதான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது. அந்த நீளத்தை எங்கே வைப்பது?

[திரையில்: 6.5×55, பக்கத்தில் ஸ்வீடிஷ் மவுசர் எம்96]

ஸ்வீடிஷுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. அப்போது ஸ்வீடனும் நார்வேயும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. இரு நாட்டுக் குழு சேர்ந்து ராணுவத்துக்காக வடிவமைத்த தோட்டா இது. ஸ்வீடன் இதை மவுசர் துப்பாக்கியில் போட்டது, நார்வே கிராக்-யோர்கென்சன் துப்பாக்கியில் போட்டது. அன்றைய குண்டு 156 கிரெய்ன், உருண்டை முனை, பென்சில் போல நீளம். அதைச் சுழற்றி நிலைப்படுத்தக் குழலுக்குள் 200 மில்லிமீட்டருக்கு ஒரு முறுக்கு கொடுத்தார்கள், அதாவது அந்தத் தூரத்தில் குண்டு ஒரு முழுச் சுற்றுச் சுழலும். தோட்டாவின் மொத்த நீளத்துக்கு 80 மில்லிமீட்டர் இடம் விட்டார்கள். இன்றைய நீளமான குண்டுகள் எல்லாம் அந்த இடத்தில் தாராளமாக உட்காருகின்றன. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வேட்டைக்காரர்கள் இதை விடாமல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம் என்பேன்.

கூடும் பெரியது. தண்ணீர் நிரப்பி எடை பார்த்தால் ஏறக்குறைய 57 கிரெய்ன் பிடிக்கும்; .260 சுமார் 53, கிரீட்மோர் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அப்புறம் ஏன் மூன்றில் இதுவே மெதுவாகப் போகிறது? காரணம் அழுத்த வரம்பு. அமெரிக்கத் தர நிர்ணயத்தில் ஸ்வீடிஷின் உச்ச அழுத்தம் 51,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). .260-க்கு 60,000, கிரீட்மோருக்கு 62,000. ஐரோப்பாவின் தோட்டாத் தர அமைப்பான சி.ஐ.பி.-யின் விதி ஸ்வீடிஷுக்கு 3,800 பார், அதாவது சுமார் 55,000 பிஎஸ்ஐ வரை விடுகிறது. உலகத்தில் இன்னும் பழைய கிராக்குகளும் எம்96-களும் சுடப்படுகின்றன. கிராக்கின் போல்ட்டை முன்னால் ஒரே ஒரு பூட்டுப் பல்தான் தாங்குகிறது. எம்96-ல் முன்னால் இரண்டு உண்டு, ஆனால் பின்னாளில் வந்த மவுசர் 98-ல் பாதுகாப்புக்காகச் சேர்த்த மூன்றாவது பல் இதில் கிடையாது. அந்தத் துப்பாக்கிகளை மனத்தில் வைத்துத்தான் வரம்பு தாழ்வாக இருக்கிறது. சில கையேடுகள் நவீனத் துப்பாக்கிகளுக்கென்று தனிப் பக்கம் தருகின்றன. உங்களிடம் இருப்பது தாத்தா காலத்து மவுசர் என்றால் அந்தப் பக்கம் உங்களுக்கில்லை. இதில் பேரமே வேண்டாம்.

பழைய மவுசரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோட்டா உட்காரும் அறைக்கும் முறுக்குக் கோடுகள் தொடங்கும் இடத்துக்கும் நடுவே நீண்ட தொண்டை இருக்கும். 156 கிரெய்ன் குண்டுக்காக வெட்டியது. 120 கிரெய்ன் போன்ற குட்டைக் குண்டு அங்கே கொஞ்ச தூரம் தாவித்தான் முறுக்கைப் பிடிக்கும். துல்லியம் போதவில்லை என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் கனமான குண்டைப் போட்டுப் பாருங்கள். கூட்டின் அடி விட்டமும் .308 குடும்பத்தைவிடச் சற்றுப் பெரிது, அதனால் ரீலோடிங் கருவியில் கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் பல நிறுவனங்களில் வேறு. .308-க்கு வாங்கியது இதற்குப் பொருந்தாமல் போகலாம்.

கனமான குண்டு என்றதும் ஸ்வீடன் நாட்டு விதி ஒன்று ஞாபகம் வருகிறது, எனக்கு மிகவும் பிடித்தது. மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்கு விரியும் குண்டு வேண்டும். 9 கிராம் எடை என்றால் 100 மீட்டரில் 2,700 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். எடை 10 கிராமைத் தொட்டுவிட்டால் 2,000 ஜூல் போதும். நம் 140 கிரெய்ன் குண்டு 9 கிராமுக்கு மேல் ஒரு மயிரிழைதான். ஆலைத் தோட்டா வேகத்தில் அந்த 2,700-ஐத் தொடத் திணறும். 156 கிரெய்ன் என்பது 10.1 கிராம். மெதுவாகப் போனாலும் சுலபமாகத் தேறிவிடும். வேகத்தைவிட எடையும் ஊடுருவலும் முக்கியம் என்பதைக் காட்டில் கற்றவர்கள் எழுதிய விதி போலவே இருக்கிறது.

[திரையில்: .308, .243, .260 கூடுகள் அருகருகே]

.260-ஐச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். .308 வின்செஸ்டர் கூட்டின் கழுத்தை 6.5-க்குச் சுருக்கினால் இதுதான். குட்டை ஆக்‌ஷன் துப்பாக்கியில் (தோட்டாவை ஏற்றி இறக்கும் பொறி குட்டையானது) ஸ்வீடிஷின் வேலையைச் செய்வதே நோக்கம், அதைச் செய்கிறது. சிக்கல் மேகசீனில், அதாவது துப்பாக்கியில் தோட்டாக்கள் அடுக்கும் இடத்தில். தோட்டாவின் மொத்த நீளம் 2.800 அங்குலம், கூடு மட்டுமே 2.035 அங்குலம். மீதி முக்கால் அங்குலத்தில் நீண்ட குண்டு எப்படி அடங்கும்? பின்பாகம் கூட்டுக்குள் இறங்கி, மருந்துக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கிரீட்மோரைவிடப் பெரிய கூடு என்ற பெருமை அங்கேயே பாதி கரைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு ரெமிங்டன் ஆலைத் துப்பாக்கிகளில் முறுக்கு 9 அங்குலத்துக்கு ஒன்று. சாதாரண 140 கிரெய்னுக்குப் போதும், இன்றைய ஊசிமுனை நீளக் குண்டுகளுக்கு 8 வேண்டும். என் பார்வையில் .260 சந்தையில் தோற்றதற்கு அதன் மேல் பழி இல்லை. நல்ல தோட்டா, தவறான குழலில் அறிமுகமானது.

[திரையில்: கிரீட்மோரும் .260-உம், தோள் கோணம் தெரியும்படி]

இப்போது கிரீட்மோர். ஹார்னடி நிறுவனத்தின் டேவ் எமரியும் போட்டிச் சுடுநர் டென்னிஸ் டிமில்லும் சேர்ந்து உருவாக்கியது. பெயர் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த கிரீட்மோர் சுடுகளத்திலிருந்து வந்தது. 1874-ல் அயர்லாந்து அணியை அமெரிக்க அணி 934-க்கு 931 என்று வென்றது அங்கேதான். எமரியும் டிமில்லும் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள்: முதலில் நீண்ட குண்டு, அடுத்து மேகசீன், கடைசியில் கூடு. .30 டிசி என்ற கூட்டை எடுத்து, நீளத்தை 1.920 அங்குலமாக வைத்தார்கள். .260-ஐவிட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் குட்டை. அந்த 3 மில்லிமீட்டர்தான் குண்டு வெளியே நிற்கும் இடம். முறுக்கு 8 அங்குலத்துக்கு ஒன்று என்று தொடக்கத்திலேயே உறுதி செய்தார்கள். கூடு கழுத்தை நோக்கிச் சரியும் தோளின் கோணம் 30 டிகிரி, .260-ல் 20. செங்குத்தான தோளில் பித்தளை முன்னோக்கி வழிவது குறைவு, அதனால் கூட்டை அடிக்கடி வெட்டிச் சீர்செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்றும் செய்தார்கள். ஆரம்ப கால ஆலைப் பெட்டியின் மேலேயே எந்த மருந்து, எத்தனை கிரெய்ன் என்று அச்சிட்டார்கள். வீட்டில் நிரப்புகிறவரை இவ்வளவு மரியாதையாக நடத்திய ஆலையை வேறெங்கும் பார்ப்பது கடினம். எச்4350 என்ற மருந்து கிரீட்மோரோடு ஒட்டிக்கொண்டது அதிலிருந்துதான்.

புதிதாக ரைஃபிள் வாங்கப் போகிறீர்களா? கிரீட்மோரை வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். கூடு, கூட்டுக்கு வடிவம் தரும் டை, கையேட்டுத் தகவல் எல்லாம் எளிதில் கிடைக்கும். வீட்டில் நல்ல ஸ்வீடிஷ் ஏற்கெனவே இருந்தால் அதை விற்காதீர்கள். 140, 156 கிரெய்ன் குண்டுகளுக்கு அதைவிட இதமான கூடு எனக்குத் தெரியாது. நார்மா எம்ஆர்பி, விதாவூரி என்160 மாதிரி மெதுவாக எரியும் மருந்துகள் அதில் அருமையாக நடக்கும்.

மூன்றும் ஒரே குண்டைச் சுடுகின்றன என்பதற்காக ஒன்றின் மருந்து அளவை இன்னொன்றில் போடக் கூடாது. கூட்டின் கொள்ளளவும் அழுத்த வரம்பும் வேறு. ஒவ்வொன்றுக்கும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்தே ஏறுங்கள்.

.260 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கடைசியாக ஒன்று. .243 கூட்டை விரித்தோ .308-ஐச் சுருக்கியோ நீங்களே .260 கூடு செய்துகொள்ளலாம். .308-லிருந்து வந்தால் கழுத்துப் பித்தளை தடித்துவிடும், அளந்து கடைந்தெடுக்க வேண்டும். ஆனால் கூட்டின் அடியில் பழைய முத்திரை அப்படியே இருக்கும். '.308' என்று பொறித்த .260 தோட்டா .308 அறைக்குள் தடையில்லாமல் நுழைந்துவிடும். ஆகவே பெட்டியின் மூடியிலும் பக்கத்திலும் '.260' என்று பெரிதாக எழுதுங்கள், .308 இருக்கும் அலமாரியில் அதை வைக்காதீர்கள்.