நம்ம குரூப் பெயரை நாமே வைத்துக்கொள்ளக் கூடாதா? அல்வாக் கடை சொன்ன பதில்!

(திரையில்: அல்சூரில் ஒரு அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங். மடக்கு மேசை. மேலே காகிதப் பொட்டலங்கள்.)

வணக்கம். இந்த மேசையில் இருப்பதெல்லாம் விதை. கொத்தவரை, பாகல், செடி அவரை. விலை கிடையாது. ஒரு பொட்டலம் கொண்டு வந்தால் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு போகலாம். கொண்டு வராமலும் எடுக்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அடுத்த மாதம் மட்டும் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இந்த மேசைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

"எங்கள் பெயரை உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள்" என்று. எந்தப் பெயர்? 2016 முதல் இந்தக் குரூப் தனக்கு வைத்திருக்கிற பெயர். பெங்களூர் தமிழர்கள் 11 பேர் மாடித்தோட்டம் போட ஆரம்பித்த குரூப். இன்று அதில் 4,000 பேர். சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர்கூட இல்லை. பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அக்காதான் அட்மின். காலை ஐந்தரைக்கு எழுந்து, "கத்திரிக்காயில் மாவுப்பூச்சி" என்று போட்டோ அனுப்பியவர்களுக்கெல்லாம் பதில் எழுதுவார். நானும் அதில் ஒரு உறுப்பினன். என் மாவுப்பூச்சியையும் அவர்தான் பார்த்தார். அதனால் இந்த வீடியோவில் நடுநிலைமை எதிர்பார்க்காதீர்கள்.

நோட்டீஸ் அனுப்பியது யார்? விதையும் உரமும் விற்கும் ஒரு கம்பெனி. பெயரைச் சொல்ல மாட்டேன், எனக்கும் நோட்டீஸ் வேண்டாம். நடத்துகிறவர் ஒரு காலத்தில் இதே குரூப்பில் இருந்தவர். குரூப்பின் பெயரை அப்படியே தன் கம்பெனியின் டிரேட்மார்க்காக, அதாவது வணிகச் சின்னமாக, பதிவு செய்துவிட்டார்.

அவரால் அது எப்படி முடிந்தது? சட்டப் பாடத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், ஓட்டிவிடாதீர்கள். இந்தியாவில் 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம். உலகத்துச் சரக்குகளையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். உரம் 1-ஆம் வகுப்பு, விதை 31-ஆம் வகுப்பு. ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்குத் தனிநபருக்கு 4,500 ரூபாய், பெரிய கம்பெனிக்கு 9,000. ஏற்றுக்கொண்டால் வாராவாரம் வரும் டிரேட்மார்க் ஜர்னலில் போடுவார்கள். ஆட்சேபம் சொல்ல நான்கு மாதம். யாரும் வாயைத் திறக்காவிட்டால் பதிவு, பத்து வருஷத்துக்கு.

அந்த நான்கு மாதமும் நாங்கள் 4,000 பேர் என்ன செய்துகொண்டிருந்தோம்? கத்திரிக்காய் போட்டோ போட்டுக்கொண்டிருந்தோம்.

சரி, பதிவு செய்தவர்தான் முதலாளி, கதை முடிந்தது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்போதுதான் ஒரு வக்கீல் நண்பர் கேட்டார்: "நீ திருநெல்வேலிக்காரன்தானே, இருட்டுக்கடை கேஸ் தெரியாதா?"

(திரையில்: வாழை இலைத் துண்டு, அதன்மேல் வழுக்கிக்கொண்டு நிற்கும் அல்வா. பசியோடு பார்க்காதீர்கள்.)

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில் ஒரு கடை. சாயங்காலம் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். சரக்கு தீர்ந்தால் மூடிவிடுவார்கள். சின்ன வயதில் அப்பாவோடு வரிசையில் நின்றிருக்கிறேன். முன்னால் நிற்பவர் இரண்டு கிலோ கேட்டால் வயிற்றில் புளியைக் கரைக்கும், நமக்கு மிஞ்சுமா என்று. வாங்கினதும் இலையோடு கையில் பிடித்து அங்கேயே தின்ன வேண்டும். நெய் முழங்கை வரைக்கும் வழியும். கையைத் துடைக்க அந்தக் கடைக் காகிதம் போதாது, அப்பாவின் வேட்டி நுனிதான்.

அந்தக் கடைக்கு 'இருட்டுக்கடை' என்று பெயர் வைத்தது யார்? முதலாளி வைத்திருப்பாரா? யோசித்துப் பாருங்கள், எந்த வியாபாரியாவது தன் கடைக்கு இருட்டு என்று பெயர் வைப்பாரா? மங்கலான ஒரே விளக்கில் வியாபாரம் நடந்த கடை. "எந்தக் கடைல வாங்கின?" "அந்த இருட்டுக் கடைலதான்." சனங்கள் வாயில் பிறந்த பெயர் அது. வடக்கிலிருந்து வந்து அல்வா கிண்டிய குடும்பத்துக்கு ஊர் வைத்த பெயர். பெயர்ப் பலகை வைக்காமலே ஊர் உலகமெல்லாம் தெரிந்த கடை.

அப்புறம் இன்னொருவர் 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்று விற்க ஆரம்பித்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. இதில் வேடிக்கை, இரண்டு பக்கமும் பதிவுச் சான்றிதழ் வைத்திருந்தார்கள். நீயும் பதிவு செய்தவன், நானும் பதிவு செய்தவன் என்றால், பதிவை மீறினாய் என்று ஒருவரை ஒருவர் கேட்க முடியாது. அப்போது என்ன செய்வது?

2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது: பதிவு ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் பயன்படுத்தியவர் யார்? அந்தப் பெயரைக் கேட்டதும் சனங்கள் யாரை நினைக்கிறார்கள்? பதிவு செய்தவர் உரிமையைவிட முன்பிருந்தே பயன்படுத்தி வருபவர் உரிமை பெரிது. ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று நம்ப வைத்து விற்பதைத் தடுக்கும் உரிமைக்குச் சட்டத்தில் 'பாசிங் ஆஃப்' என்று பெயர். பழைய கடை ஜெயித்தது.

இதைக் கேட்டதும் நான் அக்காவுக்குப் போன் போட்டு, "அக்கா, அல்வா நம்ம பக்கம்!" என்று கத்தினேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சர்க்கரை வியாதிக்காரர்.

ஆனால் இங்கே ஒரு முள் இருக்கிறது. அல்வாக் கடை வியாபாரம். எங்கள் குரூப் எதையுமே விற்றதில்லை. பாசிங் ஆஃப் என்பது தொழிலில் சம்பாதித்த நற்பெயரைக் காப்பாற்றும் சட்டம். "ஐயா, நாங்கள் எட்டு வருஷமாக இலவசமாகக் கொடுக்கிறோம்" என்பது நீதிபதி முன்னால் நெஞ்சைத் தொடும், ஆனால் பில் புத்தகம் நீட்டுகிறவன் வாதம் போல நிற்காது. அதே சமயம் இன்னொரு பக்கமும் உண்டு: டிரேட்மார்க் மீறல் என்று சொல்ல, அந்தப் பெயரை வியாபாரத்தில் பயன்படுத்தியிருக்க வேண்டும். விற்காதவன் மீது மீறல் வழக்கு போடுவதும் கஷ்டம். அப்படியென்றால் பிரச்சினை இல்லையே? இருக்கிறது. கோர்ட்டுக்கு அந்தக் கம்பெனி போகவே வேண்டாம். பதிவுச் சான்றிதழை வைத்து, குரூப் நடக்கிற செயலியின் கம்பெனிக்குப் புகார்ப் படிவத்தை நிரப்பினால் போதும். குரூப் பக்கம் ஒரு நாள் காலையில் காணாமல் போய்விடலாம். அக்காவின் பயம் அதுதான்.

இது நமக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை. 2003-இல் விக்கிடிராவல் என்று ஒரு பயண வழிகாட்டி தொடங்கினார்கள். ஊர் சுற்றுகிறவர்கள் இலவசமாக எழுதிய தளம். 2006-இல் இன்டர்நெட் பிராண்ட்ஸ் என்ற கம்பெனி வாங்கிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. ஜெர்மன் மொழியில் எழுதியவர்கள் அந்த வருஷமே கோபித்துக்கொண்டு விக்கிவாயேஜ் என்று தனிக் குடித்தனம் போனார்கள். 2012-இல் ஆங்கிலத்தில் எழுதியவர்களும் கிளம்பினார்கள், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையிடம். கம்பெனி இரண்டு தன்னார்வலர்கள்மேல் வழக்குப் போட்டது, டிரேட்மார்க் மீறல் என்றும் சேர்த்து. விக்கிமீடியாவும் பதிலுக்கு நீதிமன்றம் போனது. 2013 பிப்ரவரியில் சமரசம். எனக்குப் பிடித்த இடம் எது தெரியுமா? அந்தக் கட்டுரைகள் எல்லாமே யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும் உரிமத்தில் எழுதப்பட்டவை. அத்தனை எழுத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு சட்டப்படி போகலாம். போனார்கள். வாசலில் மாட்டியிருந்த பெயர்ப் பலகையை மட்டும் கழற்ற முடியவில்லை.

கம்ப்யூட்டரை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸுக்கும் இதே கதைதான். பொழுதுபோக்காக 1991-இல் பிறந்தது. 1994-இல் சம்பந்தமே இல்லாத ஒருவர் அமெரிக்காவில் அந்தப் பெயருக்கு விண்ணப்பம் போட்டார், பதிவும் கிடைத்துவிட்டது. 1997-இல்தான் அது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கைக்கு வந்தது.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு கொசுறு: இணையதள முகவரிப் பெயர்களுக்கும் பாசிங் ஆஃப் பொருந்தும் என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன, சிஃபி என்ற இன்டர்நெட் கம்பெனியின் வழக்கு, கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து போனதுதான்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? பதிவை நீக்கக் கேட்டு ஒரு மனு, ஆன்லைனில் வகுப்புக்கு 2,700 ரூபாய். கர்நாடகத்துக்கு டிரேட்மார்க் அலுவலகம் எங்கே தெரியுமா? சென்னை கிண்டி. பெங்களூரில் தமிழர்கள் போடும் சண்டை கடைசியில் கிண்டிக்கே போகிறது. ஆதாரம் கேட்டார்கள். 2016-இன் முதல் செய்தியைத் தேடினோம். அட்மின் அக்கா மொபைல் மாற்றியபோது பாதி போய்விட்டது. மூன்றாவதாகச் சேர்ந்த ஒரு தாத்தா, முதல் கூட்டத்துக்கு அடித்த நோட்டீஸை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தார். தேதியோடு! "எதுக்கு தாத்தா இதை லேமினேட் பண்ணினீங்க?" என்றால், "மிஷின் புதுசா வாங்கியிருந்தேன்" என்றார். வாட்ஸ்ஆப் செய்திகளைக் கோர்ட்டில் காட்ட அதற்கென்று சான்றிதழ் வேண்டும், காகிதம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. உங்கள் குரூப்பிலும் இப்படி ஒரு தாத்தா இருந்தால் இன்றைக்கே அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள், அப்படியே இந்த வீடியோவுக்கு ஒரு லைக்கும்.

மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதுவரைக்கும் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொன்னதால், போன மாதம் கார் பார்க்கிங்கில் பேனர் இல்லாமல் மேசை போட்டோம். வந்தவர்கள் வழி கேட்டபோது வாட்ச்மேன் கையைக் காட்டி, "அதோ, பேனர் இல்லாத மேசை" என்றார். இரண்டு மணி நேரத்தில் எல்லோரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "பேனர் இல்லாத மேசையில் பாகல் விதை தீர்ந்துபோச்சு" என்று குரூப்பிலேயே செய்தி வந்தது.

அக்கா அதைப் படித்தார். திங்கட்கிழமை காலையிலேயே அந்தப் புதுப் பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டுவிட்டார். மூன்று பேர் பெயரில், கூட்டாக. முதல் பெயர் தாத்தாவுடையது.